நாலு கேஜ் என்று அச்சிட்டிருந்த கேபிள்: ஒரு கார் ஆடியோ ஒயரிங் ஆய்வு

தம்பி வண்டியை என்னிடம் கொண்டுவந்தபோது அவருக்கு மூன்று குறைகள் இருந்தன. பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. சத்தத்தைக் கூட்டி வைத்தால் சிறிது நேரத்தில் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு நின்றுபோகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கீச்சென்று ஓர் இரைச்சல் ஏறுகிறது. இதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போடச் சொன்னார், இன்னொருவர் பேட்டரியை மாற்றச் சொன்னார். தம்பி கெப்பாசிட்டர் வாங்கும் முடிவோடுதான் வந்திருந்தார். "எந்த கெப்பாசிட்டர் நல்லதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணா" என்றார். முதலில் அளந்து பார்ப்போம் என்றேன்.

வண்டி சிறிய ஹேட்ச்பேக். டிக்கியில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று சப்வூஃபருக்கான கிளாஸ் டி மோனோ. 14.4 வோல்ட்டில், 2 ஓம் லோடுக்கு 800 வாட்ஸ் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. மற்றொன்று நான்கு சேனல் கிளாஸ் ஏபி, சேனலுக்கு 75 வாட்ஸ். பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் கேபிள். ரெடிமேட் கிட்டில் வந்தது. மேல் உறையில் பெரிய எழுத்தில் '4 கேஜ்' என்று இருந்தது (கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிமனாகும்), விரல் தடிமனில் பார்க்கவும் திடமாகத்தான் தெரிந்தது. பேட்டரி அருகே 100 ஆம்பியர் ஃபியூஸ். டிக்கியில் எர்த், பின்சீட் பெல்ட் போல்ட்டில்.

எதையும் அவிழ்ப்பதற்கு முன் லோடு கொடுத்து அளப்பது என் வழக்கம். அவிழ்த்து மாட்டும்போதே பழுதான இணைப்பு தற்காலிகமாகச் சரியாகிவிடும், அப்புறம் எது காரணம் என்று தெரியாமலே போகும். இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, சப்வூஃபருக்கு மட்டும் 40 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்தேன். கிளாம்ப் மீட்டர் 58 ஆம்பியர் காட்டியது. பேட்டரி முனையில் 13.1 வோல்ட். ஆம்ப்ளிஃபயர் முனையில் 11.3 வோல்ட். நடுவில் 1.8 வோல்ட்டைக் காணோம்.

மல்டிமீட்டரின் ஒரு முனையில் நீளமான ஒயர் சேர்த்து, கரண்ட் போகும் வழி நெடுக ஒவ்வொரு துண்டின் இரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். டோன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போகாதபோது எவ்வளவு கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பு போலத்தான் காட்டும். கிடைத்த கணக்கு இது: கேபிளில் 0.93 வோல்ட், ஃபியூஸ் ஹோல்டரில் 0.18, சீட் பெல்ட் போல்ட் எர்த்தில் 0.46, பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் பட்டையில் 0.23. கூட்டினால் 1.80. காணாமல்போன வோல்ட் முழுவதும் கணக்குக்கு வந்துவிட்டது. இதில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் எர்த் பக்கத்தில் போகிறது என்பதைக் கவனியுங்கள். பாசிட்டிவ் கேபிளுக்கு எல்லோரும் யோசித்து யோசித்துச் செலவு செய்கிறார்கள். திரும்பி வரும் பாதையை யாரும் பாதையாகவே நினைப்பதில்லை.

இப்போது கேபிளுக்கு வருவோம். 4 ஏடபிள்யூஜி (அமெரிக்க கேஜ் முறை) அளவுள்ள செம்புக் கேபிளின் குறுக்குப் பரப்பு 21.15 சதுர மில்லிமீட்டர், மீட்டருக்கு ஏறக்குறைய 0.82 மில்லி ஓம். 5 மீட்டருக்கு 4.1 மில்லி ஓம் வர வேண்டும். 58 ஆம்பியரில் 0.24 வோல்ட் இழக்கலாம். இங்கே 0.93 வோல்ட். அதாவது 16 மில்லி ஓம், நான்கு மடங்கு.

ஆம்ப்ளிஃபயர் முனையில் கேபிளைக் கழற்றி உறையைச் சீவினேன். விரல் தடிமனில் பெரும் பகுதி வெறும் பிளாஸ்டிக். உள்ளே புரிகள் ஏழு. ஒரு புரியைப் பிரித்து இழைகளைத் தாள் மேல் பரப்பி எண்ணியதில் 38 வந்தது. ஏழு முப்பத்தெட்டு 266. இழையின் தடிமன் 0.2 மில்லிமீட்டர், அதன் பரப்பு 0.0314. பெருக்கினால் 8.36 சதுர மில்லிமீட்டர். இது எட்டு கேஜ். நாலு கேஜுக்கு இதே தடிமனில் 670க்கு மேல் இழைகள் இருக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. எட்டு கேஜ் செம்பாக இருந்தால்கூட 10 மில்லி ஓம்தான் வரும், நமக்கு 16 வருகிறதே. ஓர் இழையை எடுத்து பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. லைட்டர் சுடரில் காட்டியதும் நுனி சுருண்டு உருகித் தொங்கியது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், செம்புக்கு 1,085 வேண்டும். நல்ல செம்பு இழை லைட்டரில் சிவந்து நிற்கும், இப்படித் தொங்காது. ஆக, செம்பு முலாம் பூசிய அலுமினியம், சுருக்கமாக சிசிஏ. செம்பின் மின்கடத்தும் திறனில் சுமார் 64 சதவீதம்தான் இதற்கு. 10ஐ 0.64 ஆல் வகுத்தால் 16. கணக்கு முடிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இழை வெளியே வெள்ளையாக இருந்தால் அலுமினியம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெள்ளீயம் பூசிய செம்பு, அதாவது டின் செய்த காப்பரும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவப்பு. துருவைத் தாங்குவதில் அது வெறும் செம்பைவிட மேல். சிசிஏ இதற்கு நேர் தலைகீழ்.

அந்த 100 ஆம்பியர் ஃபியூஸைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்க அல்ல, கேபிளைக் காக்க. எட்டு கேஜ் செம்புக்கே பொதுவாக 50, 60 ஆம்பியரைத் தாண்டி ஃபியூஸ் போடுவதில்லை, சிசிஏவுக்கு அதைவிடக் குறைவு. இந்தக் கேபிள் எங்காவது உரசி பாடியைத் தொட்டு, 90 ஆம்பியர் அளவில் கரண்ட் கசிந்தால் ஃபியூஸ் அசையாது, உறை இளகும். அது ஓடும் இடம் கார்ப்பெட்டுக்கு அடியில். உட்கார்ந்து போகிறவர்களின் கால்களுக்குக் கீழே.

ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக்கும் ஒரு பக்கம் பழுப்பேறி இருந்தது. அங்கே 0.18 வோல்ட், 58 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட்ஸுக்கு மேல். விரல் நீளப் பெட்டிக்குள் அவ்வளவு சூடு. ஏன் அந்த இடத்தில் மட்டும் என்றால், அதுவும் அலுமினியத்தின் குணம்தான். ஸ்குரூவை இறுக்கினால் அழுத்தத்தில் அலுமினியம் நாளடைவில் மெல்ல நகர்ந்து கொடுக்கும். பிடி தளரும். தளர்ந்த இடத்தில் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். நறுக்கிய முனையில் வெளியே தெரியும் அலுமினியத்தின் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் வேறு. மாட்டிய அன்று எல்லாம் சரியாக இருக்கும், அதனால்தான் மாட்டியவர் மேல் யாரும் பழி சொல்வதில்லை.

சரி, முதல் இரண்டு குறைகளும் இப்போது தெளிவாகின்றன. ஆம்ப்ளிஃபயர் சிவப்பு காட்டுவது, இரண்டு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து பாடும் உச்ச நேரத்தில். அப்போது கரண்ட் 80 ஆம்பியருக்குப் போகிறது, வழியில் 2.5 வோல்ட் கரைகிறது, பேட்டரியில் 12.9 இருந்தால் ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சேர்வது 10.4. பல ஆம்ப்ளிஃபயர்கள் 10, 10.5 வோல்ட்டை ஒட்டித் தங்களை நிறுத்திக்கொள்ளும்.

ஹெட்லைட் விஷயம் வேறு. பலர் இதைக் கேபிளோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஹெட்லைட்டுக்குக் கரண்ட் முன்பக்கத்திலிருந்தே போகிறது. டிக்கிக்கு ஓடும் கேபிள் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் அதனால் விளக்கு மங்காது. விளக்கும் ஆம்ப்ளிஃபயரும் பகிர்ந்துகொள்வது இரண்டை. ஒன்று, ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் தரும் வோல்டேஜ். மற்றொன்று, பாடியை பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் அந்தச் சின்ன எர்த் பட்டை. பட்டையில் விழும் 0.23 வோல்ட் விளக்குக்கும் இழப்புதான்.

கெப்பாசிட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தம்பி அதற்காகத்தானே வந்தார். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டரின் வோல்டேஜ் ஒரு வோல்ட் இறங்கும்போது அது தருவது ஒரு கூலம் மின்னூட்டம். 60 ஆம்பியர் இழுத்தால் அது அறுபதில் ஒரு நொடிக்குத்தான் காணும், 17 மில்லி செகண்ட். 40 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 25 மில்லி செகண்ட். இழுத்து நிற்கும் பேஸுக்கு அது என்ன செய்யும்? தீர்ந்தபின் அதை நிரப்பவும் அதே கெட்ட கேபிள் வழியாகத்தான் கரண்ட் வர வேண்டும்.

எந்தக் கேபிள், ஏன்

"அப்படின்னா ஜீரோ கேஜ் போட்டுடலாமாண்ணா, கவலையே இல்லாம?" தம்பியின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் கணக்குப் போட்டால் வேறு பதில் வருகிறது.

வண்டி ஓட்டத்தில் 13.8 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், மோனோ முழு வீச்சில் 68 ஆம்பியர், நான்கு சேனல் 36 ஆம்பியர். 105 என்று எடுத்துக்கொள்ளலாம். இது தொடர்ந்து டோன் ஓடினால். பாட்டில் சராசரி இதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதே அபூர்வம். இருந்தாலும் நான் உச்சத்துக்குத்தான் கணக்குப் போடுவேன், ஏனென்றால் ஆம்ப்ளிஃபயர் நின்றுபோவது சராசரியில் அல்ல, உச்சத்தில். 105 ஆம்பியரில் 5 மீட்டர் செம்புக் கேபிள் இழப்பது நாலு கேஜில் 0.43 வோல்ட், இரண்டு கேஜில் 0.27, ஜீரோ கேஜில் 0.17. நாலுக்கும் ஜீரோவுக்கும் வித்தியாசம் கால் வோல்ட். ஒலி அளவில் டெசிபெல்லில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தக் காதுக்கும் தெரியாது. இந்த ஆம்ப்ளிஃபயர்களின் முனைகள் நாலு கேஜ் வரைதான் ஏற்கும். ஜீரோவை நுழைக்க இழைகளை வெட்டி ஒல்லியாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கிய செம்பை வெட்டி எறிந்து, மிச்சத்தை அரைகுறையாக இறுக்குவது மனதுக்கு வேதனையாக இருக்கும். ஆக, நாலு கேஜ், முழுச் செம்பு. நாளை இன்னொரு பெரிய ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே பெரிதாக இழுத்துவிடலாம். தம்பிக்கு அந்த எண்ணம் இல்லை.

சிசிஏ என்றாலே தொடக்கூடாது என்று சொல்ல மாட்டேன். அளவு உண்மையாக இருந்து இரண்டு எண் தடிமனாகப் போனால், அதாவது நாலு கேஜ் செம்புக்குப் பதில் இரண்டு கேஜ் சிசிஏ, மின்தடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இணைப்புகள் தளரும் பிரச்சினை தடிமனால் தீராது. அதிரும் வண்டியில், சூட்டுக்குப் பக்கத்தில் அதை மாட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஓஎஃப்சி என்ற எழுத்துகளுக்கும் அளவுக்கு மீறி மயங்க வேண்டாம். ஆக்சிஜன் நீக்கிய செம்புக்கும் வழக்கமான மின்கம்பிச் செம்புக்கும் கடத்துதிறனில் வித்தியாசம் ஒரு சதவீதம் இருந்தாலே பெரிது. அந்தச் சொல் கடையில் பயன்படுவது, 'இது அலுமினியம் இல்லை' என்பதற்கான அடையாளமாகத்தான். அதுவும் நம்பக்கூடியதாக இருந்தால்.

இருக்கவில்லை. தம்பி முதலில் வாங்கிவந்த கேபிளின் உறையில் ஓஎஃப்சி என்றுதான் அச்சிட்டிருந்தது. வண்டியில் மாட்டுவதற்கு முன் தரையில் விரித்து ஒரு சோதனை செய்தேன். 5 மீட்டர் கேபிள் வழியாக 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு இரண்டை எரியவிட்டேன், 9 ஆம்பியர் போனது. கேபிளின் இரு முனைக்கும் நடுவே மில்லி வோல்ட் அளந்தேன். நாலு கேஜ் செம்பு என்றால் 37 வர வேண்டும். வந்தது 57. அளவு சரி, உலோகம் தவறு. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் வாங்கியது 38 காட்டியது. பல்பும் மீட்டரும் இல்லாவிட்டால் எடை போட்டுப் பாருங்கள். உறை நீங்கலாக, நாலு கேஜ் செம்பு மீட்டருக்கு 190 கிராம் இருக்கும், 5 மீட்டர் ஒரு கிலோவை நெருங்கும். அதே அளவு சிசிஏ அதில் பாதிகூட வராது. கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்.

மாட்டிய விதம்

இன்ஜின் பக்கத்துத் தடுப்பில் புதிய ரப்பர் கிரோமெட் வழியாகக் கேபிளைக் கொண்டுவந்து, பானெட்டுக்குள் ஓடும் பகுதிக்கு நெளி ஸ்லீவ் போட்டோம். பேட்டரியிலிருந்து 30 சென்டிமீட்டரில் புது ஃபியூஸ் ஹோல்டர். இந்தத் தூரம் 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், குறையக் குறைய நல்லது. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே இருக்கும் கேபிளைக் காக்க யாரும் இல்லை. ஃபியூஸ் அதே 100 ஆம்பியர்தான். பழைய கேபிளுக்கு ஆபத்தாக இருந்த எண், இந்தக் கேபிளுக்குச் சரியான எண். 105 ஆம்பியர் உச்சம் நொடிக்கணக்கில்தான் வரும், அதற்கு இந்த ஏஎன்எல் வகை ஃபியூஸ் எரியாது. டிக்கியில் ஃபியூஸ் உள்ள பிரிப்புக் கட்டை ஒன்றை வைத்து, மோனோவுக்கு நாலு கேஜும் 80 ஆம்பியரும், நான்கு சேனலுக்கு எட்டு கேஜும் 50 ஆம்பியரும் பிரித்தோம். கேபிள் ஒல்லியாகும் இடத்தில் ஃபியூஸ் கட்டாயம்.

எர்த்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தேன். சீட் பெல்ட் போல்ட்டை முதல் வேலையாக விடுவித்து, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்குத் திரும்ப இறுக்கினேன். விபத்தில் உயிரைப் பிடித்து நிறுத்தும் போல்ட் அது, அதற்கு நடுவே லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) சொருகும் உரிமை நமக்கு இல்லை. தவிர, அந்த இடத்தில் லக்கின் கீழே பெயின்ட் அப்படியே இருந்தது, போல்ட்டின் மரை வழியாக மட்டுமே கரண்ட் போய்க்கொண்டிருந்தது. டிக்கித் தரையில் கெட்டியான தகடு உள்ள இடம் பார்த்து, மறுபக்கம் பெட்ரோல் டேங்கோ பிரேக் பைப்போ இல்லை என்று வண்டிக்கு அடியில் படுத்து உறுதி செய்தபின், எம்8 போல்ட்டுக்குத் துளையிட்டேன். லக் உட்காரும் வட்டம் முழுக்க பெயின்டையும் ப்ரைமரையும் உப்புத்தாளால் தேய்த்து, தகடு பளிச்சென்று தெரியும் வரை எடுத்தோம். கிரிம்ப் செய்த லக், ஸ்டார் வாஷர், நட். இறுக்கி அளந்தபின், மேலே பெயின்ட் பூசி மூடினேன். எர்த் கேபிளின் நீளம் 40 சென்டிமீட்டர், தடிமன் பாசிட்டிவுக்குச் சமம்.

முன்பக்கம் பாடிக்கும் நெகட்டிவுக்கும் நடுவே பழைய பட்டையோடு நாலு கேஜில் இன்னொன்றைச் சேர்த்தோம். நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் இந்தப் புதுப் பட்டை சென்சாருக்குப் பாடிப் பக்கம் சேர வேண்டும். நேரே பேட்டரி முனையில் மாட்டினால் சென்சாருக்குத் தெரியாமல் கரண்ட் போகும், சார்ஜிங் கணக்கு தவறும்.

ஸ்பீக்கர் ஒயர் விஷயத்தில் தம்பிக்கும் எனக்கும் சின்னக் கருத்து வேறுபாடு. கதவுக்குள்ளும் புது ஒயர் இழுக்க வேண்டும் என்றார். கதவுக்கும் பாடிக்கும் நடுவே இந்த வண்டியில் பிளக் இருக்கிறது, அதைத் துளைத்தால்தான் ஒயர் போகும். துளைத்தால் மழைநீர் இறங்கும். ஒயரின் போக-வர மின்தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிளக் வரை 16 கேஜ், 4 மீட்டர். போக-வர 106 மில்லி ஓம். பிளக்கிலிருந்து ஸ்பீக்கர் வரை கம்பெனி ஒயர் 0.5 சதுர மில்லிமீட்டர், போக-வர 83 மில்லி ஓம். மொத்தம் 189, 4 ஓமில் 4.7 சதவீதம். கதவைத் தொடவில்லை. சப்வூஃபருக்கு 12 கேஜ் போட்டோம், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது குறை

இரைச்சலுக்கு நானே முதலில் தவறாக ஊகித்தேன். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயர், பவர் கேபிளோடு ஒரே பக்கம் ஒட்டி ஓடியிருந்ததைப் பார்த்ததும் இதுதான் என்று நினைத்தேன். ஆனால் ஆர்சிஏவைப் பிடுங்கி எடுத்து, சீட்டுகளின் மேல் தொங்கவிட்டுக் கேட்டபோதும் இரைச்சல் அப்படியே இருந்தது. அப்புறம் ஸ்டீரியோவுக்குப் பதில், சார்ஜரில் போடாத ஒரு போனை ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். சுத்தமான அமைதி. அப்படியென்றால் ஒயர் ஓடும் வழி அல்ல, ஸ்டீரியோவின் எர்த்துக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக்கும் உள்ள வோல்டேஜ் வேறுபாடு. ஆல்டர்னேட்டரின் சிற்றலையும் அந்த அரை வோல்ட் எர்த் இழப்போடு சேர்ந்து ஆர்சிஏவின் வெளிச்சுற்று வழியாகப் பாட்டுக்குள் நுழைகிறது. புது எர்த் போட்டு, ஆர்சிஏவைப் பழைய வழியிலேயே வைத்துக் கேட்டேன். இரைச்சல் போய்விட்டது. எப்படியும் ட்ரிம் கழற்றியாகிவிட்டதே என்று அதன்பின் ஆர்சிஏவை எதிர்ப்பக்கம் மாற்றினேன். அதனால் காதுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

கடைசியில் முதல் நாள் போட்ட அதே 40 ஹெர்ட்ஸ் டோன், அதே வால்யூம், அதே ஐட்லிங். பேட்டரியில் 13.0 வோல்ட், ஆம்ப்ளிஃபயரில் 12.6. கேபிள், ஃபியூஸ், இணைப்புகள் எல்லாம் சேர்ந்து பாசிட்டிவில் 0.31, எர்த்தில் 0.08. கரண்ட் 58லிருந்து 64 ஆம்பியருக்கு ஏறியிருந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை, கிடைக்கும் வோல்ட் கூடியதால் ஆம்ப்ளிஃபயர் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. சத்தம் பெரிதாகக் கூடவில்லை, கணக்குப்படி ஒரு டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் முன்பு உச்சத்தில் கிழிந்து ஒலித்த பேஸ் இப்போது முழுதாக இறங்குகிறது. அரை மணி நேரம் அழுத்தமாக ஓட்டியும் சிவப்பு விளக்கு வரவில்லை. ஃபியூஸ் ஹோல்டரைக் கையால் பிடித்துப் பார்த்தேன், இன்ஜின் சூட்டைத் தவிர வேறு சூடு இல்லை.

ஹெட்லைட் ஐட்லிங்கில் இன்னும் இலேசாக மங்குகிறது. 1,500 ஆர்பிஎம் தாண்டினால் நின்றுவிடுகிறது. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தராது, இல்லாத கரண்டை எந்தக் கேபிளும் கொண்டுவராது. தம்பியிடம் அதைச் சொன்னேன். சிக்னலில் நிற்கும்போது வால்யூமைக் குறைத்துக்கொள்கிறேன், ஆல்டர்னேட்டர் இப்போதைக்கு இருக்கட்டும் என்றார். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். எல்லா ஸ்குரூக்களையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, டோன் போட்டு அதே இடங்களில் அளக்க வேண்டும். இன்றைய எண்களை ஒரு சீட்டில் எழுதி டிக்கி மேட்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.